அப்லோடு அனுமதியும் எறாலுக்கு வந்த காய்ச்சலும்

கன்டெய்னர் யார்டில் ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கிற கிரேன் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்பார்கள். அங்கே நிற்கிற அத்தனை பெட்டிகளின் தலையெழுத்தையும் ஒரே அழுத்தில் மாற்றுகிறவருக்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது, என் அனுமதி மட்டும் போதும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், உப்பளங்களை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் யார்டில் எனக்கு சிஸ்டம் அட்மின் வேலை. சர்வர் அறை ஏசியின் செம்புக் குழாயை உப்புக்காற்று தின்றுவிட்டால் மாற்றச் சொல்லி மெயில் போடுவேன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு கொடுப்பேன். இந்த இரண்டு வேலையும் தூக்கத்தைக் கெடுக்காது. மூன்றாவது வேலைதான் கெடுக்கும்: பல்க் அப்லோடு யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது. வங்கியிலோ பள்ளிக்கூட அலுவலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அவருக்கு மட்டும் கொடுத்தீங்க, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கிற முகங்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு டிக்தானே

எங்கள் சிஸ்டத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. எங்கே நிற்கிறது, யாருடையது, எந்தக் கப்பலில் ஏற வேண்டும், வெளியே விடலாமா கூடாதா எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் நேரமாகும். அதற்காகத்தான் பல்க் அப்லோடு என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். எக்செல் ஃபைலில் பெட்டி நம்பர்களை வரிசையாகப் போட்டு ஏற்றினால், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிடும். சரியாகப் போட்டால் ஒரு பகல் வேலை மிச்சம். தப்பாகப் போட்டால் யார்டு முழுக்கத் தப்பு. இந்த வசதியை ஒருவருக்குத் திறந்துவிட அவர் பெயருக்கு நேராக நான் ஒரு டிக் போட வேண்டும்.

ஆபரேஷன்ஸ் மேனேஜர் சுப்பையா அண்ணாச்சி இந்த யார்டு வெறும் பொட்டலாகக் கிடந்த நாளிலிருந்து இங்கே இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. கப்பல் வருகிற நாளில் அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே என்ன மனநிலை என்று சொல்லிவிடலாம். தன் ஆட்கள் எல்லோருக்கும் டிக் வேண்டும், தனக்கும் வேண்டும் என்று கேட்டார். சிஸ்டம் ஒரு எச்சரிக்கை காட்டினால் அதை வாசிக்காமலே ஓகே அழுத்துகிறவர் அவர். பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"ஏம்மா ஸ்டெல்லா, அது என்ன உன் கல்யாண நகையா, இப்படிப் பூட்டிப் பூட்டி வைக்கே?"

பார்க்க மட்டும்

காயல்பட்டினத்து மீரான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். எறாலும் கணவாயும் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அவர்களுடையது. பணம் போட்ட அண்ணன், அவர் பேச்சில் காக்கா, துபாயில். இங்கே ஓடுகிறது மீரான். அவர் சரக்கு எல்லாம் ரீஃபர் என்று நாங்கள் சொல்கிற குளிர்ப்பெட்டிகளில் நிற்கும். பெட்டிக்குள் மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும். அந்த அளவும் சிஸ்டத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் யார்டில் சுற்றுகிற டெக்னீஷியன்களின் கைக்கருவிக்கு உத்தரவு போய், அவர்கள் பெட்டியில் திருகி வைப்பார்கள்.

ஒருநாள் மீரான் ரவையில் செய்த தம்மடை என்கிற இனிப்பை ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. "எங்க பெட்டி விவரத்தை நாங்களே ஏத்திக்கிடுதோமே. நாங்க அனுப்புறதைத்தானே உங்க ஆளுங்க திரும்ப ஏத்துறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பழைய சிஸ்டத்தில் அப்லோடு கிடைத்தவர் யார் பெட்டியை வேண்டுமானாலும் மாற்றலாம். உன்னுடையது என்னுடையது என்று அது பிரிப்பதில்லை. ஒரு எண் மாறி விழுந்தால் அடுத்தவர் பெட்டி கிளம்பிப் போய்விடும். அதைச் சொன்னேன். சமாதானத்துக்காக, அவர் பெட்டிகளின் நிலவரத்தை செல்போனில் பார்க்க மட்டும் ஒரு ஐடி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"என் காக்கா துபாயிலேர்ந்து பேங்க் கணக்கைப் பார்க்கத்தான் விடுதாரு, எடுக்க விடமாட்டாரு. நீங்களும் அவரு கட்சிதான், தம்மடையைச் சாப்பிடுங்க மேடம்."

மருமகப்பிள்ளை

முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தார். பெரிய படிப்பு. வந்த அன்றைக்கே, சிஸ்டத்தில் இருக்கிற எல்லா அனுமதியும் தனக்கு வேண்டும் என்றார். அண்ணாச்சியிடம் சொன்ன மாதிரி இவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்க முடியாது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிஜ சிஸ்டத்தைப் போலவே பயிற்சிக்கென்று ஒரு நகல் உண்டு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஓரத்தில் சின்னதாகப் பயிற்சி என்று போட்டிருக்கும். "முதல்ல இதில கொஞ்சம் பழகுங்க சார், அப்புறம் அதைத் தாரேன்" என்று சொல்லித் திறந்து கொடுத்தேன். அவர் ஒரு ஃபைலை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் திரையில் யார்டு காலி. எல்லாப் பெட்டியும் வெளியே போய்விட்டதாகக் காட்டுகிறது. சட்டை காலர் நனைகிற அளவுக்கு வியர்த்துவிட்டது அவருக்கு. ஓரத்தில் இருக்கிற எழுத்தை நான் தொட்டுக் காட்டினேன். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அந்த அனுமதியை அவர் கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"மாமாகிட்ட இதைச் சொல்லணும்னு ஒண்ணும் அவசியம் இல்லையே மேடம்?"

ஒரே ஒரு கேள்வி

கடைசியில் டிக் போட்டது முத்துலட்சுமிக்கு. ஏரல் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா நெல் விவசாயி. காலையில் கூட்டத்தில் நெருக்கியடித்து பஸ்ஸில் வந்து, எங்கள் டாக்குமெண்டேஷன் பிரிவில் டைப் அடிக்கிற பெண். வேகம் கிடையாது. அவளைவிட வேகமானவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். ஆனால் யாரிடம் பல்க் அப்லோடைப் பற்றிப் பேசினாலும் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்றுதான் கேட்டார்கள். இவள் மட்டும், "தப்பாப் போட்டுட்டா பழையபடி திருப்ப முடியுமா மேடம்?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொன்னேன். சிஸ்டத்தில் திருப்பலாம், ஆனால் அதற்குள் கேட்டைத் தாண்டிப் போன லாரியையோ டெக்னீஷியன் திருகிய குளிரையோ சிஸ்டம் திருப்பாது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். இவளுக்குத்தான் என்று நான் மனதில் முடிவு செய்த நேரத்தில் அவள் சொன்னாள்:

"அப்படின்னா எனக்கு வேண்டாம் மேடம், வீட்ல போய் உறங்க முடியாது."

காய்ச்சல்

உறக்கம் வராது என்கிறவளிடம்தான் இதைக் கொடுக்க முடியும் என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன். சில மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. அந்தச் சில மாதமும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்றும் நடக்காத நாளில்தான் திரையை அதிகமாகத் திறந்து திறந்து பார்ப்பேன்; இந்த நாற்காலிக்காரர்களுக்கு அது தெரியும்.

ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைக்கப் போகும்போது மீரானின் போன். அவர் எப்போதும் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு அது ஒன்றும் இல்லை. செல்போனில் தன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார் என்று குரலில் தெரிந்தது. நான் சோற்றுக் கையோடு என் திரையைத் திறந்தேன். அவருடைய பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் நேரே பதினெட்டு. மைனஸ் இல்லை. வெறும் பதினெட்டு. குளிர வைக்கிற இயந்திரம், அந்த உத்தரவை நம்பி, உள்ளே சூட்டை ஊதும். மீரான் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், என் எறாலுக்கு என்ன காய்ச்சலா?"

தூங்குகிறதை எழுப்பாதே

கை கழுவாமல் ஓடினேன். ரீஃபர் பகுதிக்கு சூப்பர்வைசர் புன்னைக்காயல் அந்தோணி. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் ஏணியில் நின்றவர், நான் ஓடி வருகிற விதத்தைப் பார்த்தே இறங்கிவிட்டார். சொன்னதும் வயர்லெஸ்ஸில் ஆட்களை நிறுத்தினார். உத்தரவு வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கைக்கருவியில் வந்ததை டெக்னீஷியன்கள் வரிசையாகச் செய்துகொண்டே போயிருக்கிறார்கள். முதல் வரிசை முழுக்க மாறியிருந்தது, அடுத்த வரிசையில் பாதி. அந்தோணி ஒரு பக்கமும் அவர் ஆட்கள் மறுபக்கமும் பெட்டி பெட்டியாக மைனஸுக்குத் திருப்பினார்கள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு பெட்டியிலும் உள்காற்று எத்தனை டிகிரி என்று பார்த்தேன். கடைசிப் பெட்டிகளில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. முதல் பெட்டியில் உறைநிலையைத் தாண்டிவிட்டது.

மீரான் அதற்குள் கார் பிடித்து வந்துவிட்டார். முதல் பெட்டியின் கதவைத் திறந்து சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்தோணி கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். காற்றுதான் சூடாகியிருக்கிறது, கட்டி கட்டியாக உறைந்த சரக்கு இவ்வளவு சீக்கிரம் இளகாது, இந்த வெயிலில் திறந்தால்தான் கெடும் என்றார். இரண்டு பேர் மேலேயும் கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி சொன்னார்:

"உள்ள எல்லாம் இன்னும் தூங்கிக்கிட்டுத்தான் கிடக்கு, கதவைத் தெறந்து எழுப்பிறாதிய."

யாருடைய கை

சரக்கின் தரம் பார்க்கிற சர்வேயர் வந்து சோதித்தார். மற்றவை தப்பித்தன, அந்த முதல் பெட்டி மட்டும் கப்பல் ஏறவில்லை. அந்தச் செய்தி வருவதற்கு முன்னாலேயே முதலாளி என்னைக் கூப்பிட்டு, யார் ஏற்றியது என்று கேட்டார். சிஸ்டத்தில் முத்துலட்சுமியின் ஐடி. ஃபைலைத் திறந்து பார்த்தேன். மைனஸ் குறி இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு இருந்தது. மெயிலில் அடிக்கும்போது சில சமயம் அதுவாகவே அப்படி நீண்டுவிடும். நம் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். சிஸ்டத்துக்கு அது தெரியாத எழுத்து, தள்ளிவிட்டது. தள்ளுவதற்கு முன்னால், 'சில எழுத்துகளை எடுத்துவிடப் போகிறேன், தொடரலாமா' என்று எச்சரிக்கையும் காட்டியிருக்கும். முத்துலட்சுமி அதை வாசிக்காமல் ஓகே கொடுக்கிறவள் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "என் ஐடிதானே மேடம் அது" என்றாள். நீயா ஏற்றினாய் என்று கேட்டதற்கும் அதையே திரும்பச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் பேசிப் பார்த்தேன். ஐடி அவளுடையதுதானே என்று அவரும் அதையேதான் சொன்னார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது சுப்பையா அண்ணாச்சி எதிரே ஏறி வந்தார். அவள் தோளில் பை தொங்குவதைப் பார்த்தார். "எங்க போற?" என்றார். அவள் ஒதுங்கி வழி விட்டாள். அவர் அவளைத் தாண்டி நேரே முதலாளி அறைக்குள் போனார், கதவைச் சாத்தவில்லை. முன்பு ஒருமுறை கப்பல் அவசரத்தில், நான் வெளியூர் போயிருந்தபோது, அவளிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். மேனேஜர் கேட்டால் அந்தப் பெண் எப்படி மாட்டேன் என்று சொல்லும்? தன்னால் அவருக்குப் பெயர் கெட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் சொன்னது வராண்டாவரை கேட்டது.

"நான்தான் ஏத்துனேன், அந்தப் பிள்ளை சோறு திங்கப் போயிருந்தா, அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

எல்லாம் என் கையில்

யாரையும் அனுப்பவில்லை. முத்துலட்சுமி பையைத் திரும்ப நாற்காலியில் மாட்டினாள். ஆனால் முதலாளி ஒரு முடிவு எடுத்தார்: இனி பல்க் அப்லோடு ஸ்டெல்லாவுக்கு மட்டும். அதுவும் அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும். முத்துலட்சுமிக்குப் போட்ட டிக்கையும் எடுத்தேன். பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. முன்பு மற்றவர்கள் தப்புக்குப் பயந்தேன், இப்போது என் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பயந்தேன். டைபாய்டு வந்தால்கூட லீவு எடுக்க முடியாது போலிருந்தது.

அந்தோணியின் தம்பிக்குப் புன்னைக்காயலில் கல்யாணம். கப்பல் மறுநாள்தான் என்று உறுதி செய்துகொண்டு போனேன். சர்ச்சில் பூசைக்கு முன்னால் செல்போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் போட்டேன். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு எடுத்துப் பார்த்தால் அலுவலகத்திலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. கப்பல் முந்தி வந்துவிட்டது. சாப்பிடாமலே ஒரு காரைப் பிடித்துக் கிளம்பினேன். ஆத்தூர் தாண்டுகிற வரை சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டிகளை வெளியே விடச் சொல்லும் ஃபைல் ஏறாததால், யார்டுக்கு வெளியே டிரெய்லர்கள் ரோட்டில் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையா அண்ணாச்சி ஃபைலைத் தயாராக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். நான் ஏற்றி முடிக்கும்போது கப்பல் கிளம்ப அதிக நேரம் இல்லை. மீரானின் பெட்டிகள் கடைசியாகத் துறைமுகத்துக்குக் கிளம்பின. அவர் என் பட்டுச்சேலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தெறந்து கிடந்து என் சரக்கு போச்சு, இன்னைக்குப் பூட்டிக் கிடந்து போகப் பாத்துது; நடுவுல ஒரு வழி உங்க சிஸ்டத்துல கிடையாதா மேடம்?"

வாய்விட்டு வாசிக்கணும்

நடுவழி இருந்தது. ஒருவர் ஏற்ற வேண்டும். இன்னொருவர் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் மாற்றம் நடக்கும். சாஃப்ட்வேர் ஆட்களிடம் கேட்டு அந்த ஏற்பாட்டைப் போடவைத்தேன். சாஃப்ட்வேரில் அது எளிது. ஆள் யார் என்பதுதான் மறுபடியும் என் தலைமேல் வந்து விழுந்தது. ஏற்றுவதற்கு முத்துலட்சுமி என்று எழுதினேன். சம்மதம் கொடுப்பதற்கு ஒவ்வொரு பெயராக எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் எழுதிய பெயரைப் பார்த்து முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மீரானிடம் நானே சொன்னேன். அவர் சரக்கு, அவருக்குத் தெரிய வேண்டும். "சுப்பையா அண்ணாச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டார். என் காரணத்தைச் சொன்னேன். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அண்ணாச்சி, செல்போனில் பேலன்ஸ் தீர்ந்ததென்று வருகிற மெசேஜைக்கூடக் கண்ணாடி போட்டு முழுசாக வாசிக்கிறார். எச்சரிக்கை என்றால் என்னவென்று இந்தக் கட்டிடத்தில் உடம்பால் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மீரான் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டலா, விதியே என்கிற ஆட்டலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முத்துலட்சுமி இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரே அண்ணாச்சியின் மேசைக்குப் போய் நின்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு பேரும் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர்தான் முதலில் எழுந்தார். பாஸ்வேர்டு கேட்டது தப்பு என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மன்னிப்பு வேண்டாம், ஒரு கண்டிஷன் இருக்கிறது என்றாள். நான் கதவருகே நின்றேன்.

"ஒவ்வொரு வரியையும் நீங்க எனக்குக் கேக்க வாய்விட்டு வாசிக்கணும் அண்ணாச்சி, மைனஸையும் சேத்து."

இப்போதெல்லாம் அப்லோடு அனுமதி வேண்டும் என்று யாரும் என் அறைக்கு வருவதில்லை, கொடுத்த இரண்டு பேரும்தான் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மாறி மாறி வருகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முன்னேற்றம்.